பாக்டீரியா ஊதிவிடும் குமிழ்கள்

ஒரு குடுவையில் ஊட்டக் கரைசலை ஊற்றி, அதில் ஈ. கோலை பாக்டீரியாவை ஓர் இரவு வளரவிட்டால், காலையில் கரைசல் கலங்கிப் போயிருக்கும். அதை சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுழற்றினால் பாக்டீரியா எல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிந்த நீரை 0.22 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டி வழியாக இறக்கினால், தப்பி மிதந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு செல்களும் மாட்டிக்கொள்ளும். இப்போது மிஞ்சியிருப்பது கண்ணாடி போன்ற திரவம். அதில் ஒரு துளியை எடுத்து ஊட்டத் தட்டில் தடவி வைத்தாலும் எதுவும் முளைக்காது.

இத்தோடு விட்டுவிடாமல், அந்தத் தெளிந்த திரவத்தையே இன்னொரு முறை சுழற்ற வேண்டும். இம்முறை சாதாரண வேகம் போதாது. புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேலான விசையில், சில மணி நேரம். குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால், அடியில் லேசான பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருப்பது தெரியும். அதில் துளியூண்டு எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், உருண்டை உருண்டையாக ஆயிரக்கணக்கான பைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சவ்வு. உள்ளே ஏதோ சரக்கு.

இவற்றைத்தான் சவ்வுக் குமிழ்கள் என்கிறோம். பெரும்பாலும் 20 முதல் 250 நானோமீட்டர் விட்டம் இருக்கும். ஓர் ஈ. கோலை செல்லை இருபது அடி நீளப் படகாக நினைத்துக்கொண்டால், நடுத்தரக் குமிழ் ஒன்று ஒரு அடி விட்டமுள்ள பந்து. சாதாரண ஒளி நுண்ணோக்கியால் இருநூறு நானோமீட்டருக்குக் கீழே தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாது. அதனால்தான், நுண்ணுயிரியல் பிறந்து வளர்ந்து பெரிதாகி, இத்தனை நோய்க் கிருமிகளுக்குப் பெயர் வைத்து முடித்த பிறகும், இவை யார் கண்ணிலும் படவில்லை.

பட்ட பிறகும் பெரிதாக யாரும் மதிக்கவில்லை என்பது வேறு கதை. 1965-ல் பிரிட்டனில் பிஷப், வொர்க் என்ற இருவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். லைசின் என்ற அமினோ அமிலத்தைக் குறைவாகக் கொடுத்து வளர்த்த ஈ. கோலை, தன் வெளிச்சவ்வின் பொருளைக் கரைசலுக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு வொர்க்கும் அவருடைய சகாக்களும் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள்: செல்லின் மேற்பரப்பிலிருந்து உருண்டைகள் கிளம்பிக்கொண்டிருந்தன. 1967-ல் கல்கத்தாவில் சட்டர்ஜி, தாஸ் இருவரும் காலரா பாக்டீரியாவில் இதையே படம்பிடித்தார்கள். அந்தப் பாக்டீரியாவைப் பட்டினி போடவில்லை. நன்றாக வளர்ந்துகொண்டிருந்த செல்களே வெளிச்சவ்வை உப்பவிட்டுக் கிள்ளி வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அப்படியும் அடுத்த பல ஆண்டுகளுக்கு, “செத்த செல்லின் சிதறல்”, “மாதிரியைத் தயாரிக்கும்போது வந்த கோளாறு” என்றே பலர் ஒதுக்கிவைத்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு குடுவையில் செத்த செல்கள் எப்போதும் இருக்கும், சவ்வைத் துண்டு துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் அது தானாகவே உருண்டையாகிவிடும். சந்தேகம் நியாயமானதுதான்.

சந்தேகத்தைத் தீர்த்தது உள்ளே இருந்த சரக்கு. குமிழ் வெறும் சிதறல் என்றால், செல்லில் எது எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில்தான் குமிழுக்குள்ளும் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் கணக்கு இடித்தது. சில புரதங்கள் செல்லில் இருப்பதைவிட அடர்த்தியாகக் குமிழில் இருந்தன. செல்லில் ஏராளமாக இருந்த வேறு சில, குமிழில் மருந்துக்கும் இல்லை. அப்படியானால் எங்கோ ஒரு பொறுக்கியெடுப்பு நடக்கிறது.

எப்படிக் கழன்று வருகிறது?

இதைப் புரிந்துகொள்ள, பாக்டீரியாவின் சுவரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பாக்டீரியாவை கிராம் நெகட்டிவ், கிராம் பாசிட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். கிராம் நெகட்டிவ் வகைக்கு இரண்டு சவ்வுகள்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் பெப்டிடோகிளைக்கான் என்ற வலை மெல்லிய கூண்டுபோல செல்லைச் சுற்றி நிற்கிறது. வெளிச்சவ்வு அந்தக் கூண்டின் மீது சும்மா போர்த்தியிருக்கவில்லை. துணியைச் சட்டத்தில் தைத்து வைத்ததுபோல, புரத இழைகள் அதைக் கூண்டோடு பல இடங்களில் பிணைத்திருக்கின்றன.

ஓர் இடத்தில் தையல் விட்டுப்போனால் என்ன ஆகும்? துணி அங்கே உப்பும். உப்பல் பெரிதாகி, கழுத்து சுருங்கி, கடைசியில் ஒரு பையாகக் கழன்றுவிடும். உப்பும்போது இடைவெளியில் இருந்த திரவமும் அதில் மிதந்த புரதங்களும் கூடவே மாட்டிக்கொள்ளும். சவ்வில் பதிந்திருந்தவையும் கூடவே போகும். ஆனால் செல்லுக்கு ஓட்டை விழாது. கழுத்து இறுகும்போதே இரண்டு பக்கமும் ஒட்டி மூடிக்கொள்வதால் செல் செல்லாகவே இருக்கும், பை பையாகப் போகும். இந்தத் தையல் புரதங்களை மரபணு மாற்றத்தால் நீக்கிய பாக்டீரியா வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குமிழ் விடுகிறது என்பது ஆய்வகத்தில் பலமுறை பார்த்த விஷயம்.

தையல் விடுவது மட்டும்தான் வழி என்று நினைத்துவிடக் கூடாது. வெளிச்சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆனது. வெளி அடுக்கில் லிப்போபாலிசாக்கரைடு என்ற சர்க்கரை ஒட்டிய கொழுப்பு, உள் அடுக்கில் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு. பாஸ்போலிப்பிடு வழிதவறி வெளி அடுக்குக்குப் போய்விட்டால், அதைத் திரும்ப இழுத்து வர செல்லில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டைக் குறைத்துவிட்டால் வெளி அடுக்கில் கூட்டம் சேரும். வெளிப்பக்கம் பெரிதாகி, உள்பக்கம் அப்படியே இருந்தால் சவ்வு வளைந்துதானே ஆக வேண்டும்? ஈரத்தில் ஒரு பக்கம் மட்டும் உப்பிய அட்டை வளைவதைப் போலத்தான். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரும்புச்சத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் பாக்டீரியா இந்த ஏற்பாட்டை மட்டுப்படுத்துகிறது, குமிழ்கள் பெருகுகின்றன என்று காட்டினார்கள். நம் உடல் கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் பூட்டிவைக்கும் இடம். ஆக, உடலுக்குள் நுழைந்த கிருமிக்குக் குமிழ் விடக் காரணம் தயாராகவே இருக்கிறது.

இன்னொரு வழி கொடூரமானது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவில், சில செல்கள் தங்கள் பெப்டிடோகிளைக்கான் கூண்டைத் தாங்களே கரைத்துக்கொள்கின்றன. குச்சிபோல இருந்த செல் சில நொடிகளில் உருண்டையாகி, படாரென்று வெடிக்கிறது. சிதறிய சவ்வுத் துண்டுகள் சுருண்டு குமிழ்களாகின்றன. சுருளும்போது பக்கத்தில் கிடந்த டி.என்.ஏ.வையும் புரதத்தையும் அள்ளிக்கொள்கின்றன. இதுவும் 2016-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அன்றைக்கு “செத்த செல்லின் சிதறல்” என்று சொன்னவர்கள் முழுக்கத் தப்பில்லை என்றும் இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் அந்தச் சிதறலுக்கும் வேலை இருக்கிறது.

கிராம் பாசிட்டிவ் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்கு வெளிச்சவ்வு கிடையாது, ஒரே சவ்வுதான். அதற்கு மேலே தடித்த சுவர். இவ்வளவு தடித்த சுவரைத் தாண்டிக் குமிழ் வரவே முடியாது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2009-ல், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவும் குமிழ் விடுகிறது என்று தெரிந்தது. சுவரைக் கரைக்கும் என்சைம்கள் சின்னச் சின்ன ஓட்டை போட, அதன் வழியே உள்சவ்வு பிதுங்கி வெளியே வருகிறது என்பது ஒரு விளக்கம். காசநோய்க் கிருமியும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

சரி, எதற்காக?

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவார்கள். ஒரு கட்டுரை குமிழை ஆயுதம் என்கும், இன்னொன்று கேடயம் என்கும், மூன்றாவது தபால் என்கும். எது சரி என்று கேட்டால், எல்லாம் சரி. உறைக்குள் என்ன இருக்கிறது, யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தே வேலை மாறும். அதனால் “குமிழின் பங்கு என்ன” என்று ஒருமையில் கேட்பதைவிட, பை ஏன் தேவைப்பட்டது என்று கேட்பது எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது. பாக்டீரியா புரதங்களைத் தனித்தனியாகவும் வெளியே விடும். அதற்கென்றே பல வாசல்கள் வைத்திருக்கிறது. பையில் போட்டு அனுப்பினால் மூன்று லாபம். வழியில் மற்ற என்சைம்கள் சரக்கைக் கடித்துத் தின்னாது. நீரில் கரையாத பொருளையும் அனுப்பலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீர்த்துப் போகாமல், மொத்தச் சரக்கும் ஒரே இடத்தில் போய் இறங்கும். (பாக்டீரியா யோசித்து அனுப்புவதுபோல எழுதுகிறேன். அதற்கு யோசனையெல்லாம் கிடையாது, பேசுவதற்கு வசதி, அவ்வளவுதான்.)

நீரில் கரையாத சரக்குக்கு அழகான உதாரணம் மறுபடி சூடோமோனாஸ்தான். பாக்டீரியா தங்களுக்குள் பேசிக்கொள்ள வேதிச் சமிக்ஞைகளை விடும். அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று அதை வைத்துக் கணித்து, கூட்டமாக நடந்துகொள்ளும். சூடோமோனாஸ் பயன்படுத்தும் சமிக்ஞைகளில் ஒன்று எண்ணெய்த் தன்மை கொண்டது, தண்ணீரில் போகாது. 2005-ல் மாஷ்பர்ன், ஒயிட்லி என்ற இருவர், அந்தச் சமிக்ஞையில் பெரும்பங்கு குமிழ்களில் ஏறித்தான் பயணம் செய்கிறது என்று கண்டார்கள். வேடிக்கை அதற்கு மேல். அந்த மூலக்கூறே வெளிச்சவ்வின் வெளி அடுக்கில் போய்ச் சொருகிக்கொண்டு, சவ்வை வளைத்துக் குமிழாகக் கிளப்பிவிடுகிறது. கடிதமே தனக்கு உறையும் செய்துகொள்கிறது.

அடுத்தது ஆயுதம். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒருவகை ஈ. கோலை விடும் நச்சு, பெரும்பாலும் தனியாக மிதப்பதில்லை. குமிழின் மேற்பரப்பில் ஒட்டியபடியும் உள்ளே அடைந்தபடியும்தான் போகிறது. குடல் செல் அந்த நச்சை அடையாளம் கண்டு பிடித்து இழுக்கும்போது, குமிழ் முழுவதும் உள்ளே போய்விடுகிறது. வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரியும், ஈறு நோயில் பேர்போன போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸும் தங்கள் நச்சையும் சதையைக் கரைக்கும் என்சைம்களையும் இப்படியே அனுப்புகின்றன. சரக்கே இல்லாவிட்டாலும் கிராம் நெகட்டிவ் குமிழின் தோலே ஆபத்து. அதில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடுக்கு எண்டோடாக்சின் என்று இன்னொரு பெயர் உண்டு. ரத்தத்தில் அது ஏறினால் நோய் எதிர்ப்பு அமைப்பு கண்மண் தெரியாமல் கொந்தளிக்கும்.

மற்ற பாக்டீரியாவைக் கொல்வதிலும் குமிழ் கெட்டிக்காரன். “பகையாளி குடியை உறவாடிக் கெடு” என்பார்களே, அதேதான். சுவரைக் கரைக்கும் என்சைமைச் சுமந்த குமிழ், எதிராளியின் வெளிச்சவ்வோடு ஒட்டி ஒன்றாகிவிடுகிறது. இரண்டும் ஒரே மாதிரிச் சவ்வுதானே, மறுப்பு இருக்காது. ஒன்றான மறு கணம், என்சைம் எதிராளியின் கூண்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது.

கேடயம் என்ற வேலையில்தான் மருத்துவர்களுக்குத் தலைவலி. பென்சிலின் வகை மருந்துகளை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற என்சைம், சரியாக அந்த நடு இடைவெளியில்தான் குடியிருக்கிறது. சவ்வு உப்பிக் கழலும்போது அதுவும் பையில் ஏறிவிடும். மொராக்ஸெல்லா கட்டராலிஸ் என்ற பாக்டீரியாவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மூச்சுப்பாதையில் தங்கும் இது, தானே பெரிய போக்கிரி இல்லை. ஆனால் அது விடும் குமிழ்கள் அமாக்ஸிசிலினை உடைத்துவிடுவதால், பக்கத்தில் இருக்கும் நிமோனியாக் கிருமி பிழைத்துக்கொள்கிறது. நிமோனியாக் கிருமியைத் தனியாக எடுத்துச் சோதித்தால் அமாக்ஸிசிலினுக்கு அது சாகும். அண்டை வீட்டான் தயவு இருக்கும் இடத்தில் சாகாது. பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த மருந்து உடலில் சில சமயம் ஏமாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உடைக்க என்சைம் இல்லாத மருந்துகளுக்கு வேறு வித்தை: பலிகடா. கொலிஸ்டின், பாலிமிக்ஸின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழின் தோலும் அதே வெளிச்சவ்வு. கரைசலில் குமிழ்கள் நிறைய மிதந்தால் மருந்து அவற்றில் ஒட்டிச் செலவாகிவிடுகிறது. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களுக்கும் இதே கதிதான், ஈ. கோலையைத் தாக்கும் டி4 ஃபேஜ் குமிழில் ஒட்டி ஏமாந்துபோவதை 2011-ல் காட்டியிருக்கிறார்கள்.

சில குமிழ்களில் டி.என்.ஏ.வும் இருக்கும். அசினெட்டோபேக்டர் பௌமன்னி என்ற மருத்துவமனைக் கிருமி, கார்பபெனெம் மருந்துகளைச் சமாளிக்கும் மரபணுவைக் குமிழில் வைத்து இன்னொரு செல்லுக்குக் கடத்தியது ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. கேடயத்தைக் கடன் கொடுப்பதோடு நிற்காமல், கேடயம் செய்யும் முறையையே எழுதிக் கொடுப்பது போல.

இவ்வளவையும் படித்தால் குமிழ் என்றாலே தீமை என்று தோன்றும். நம் குடல் வேறு கதை சொல்கிறது. குடல் சுவரின் மேல் சளிப் படலம் ஒன்று உண்டு. பாக்டீரியா சுவரைத் தொட்டுவிடாமல் அதுதான் தள்ளி நிறுத்துகிறது. ஆனால் குமிழ் சின்னது, அதைத் தாண்டிப் போய்விடும். பாக்டீராய்டஸ் ஃப்ராஜிலிஸ் என்ற குடல்வாசி, தன் மேற்பரப்புச் சர்க்கரைப் பொருள் ஒன்றைக் குமிழில் அனுப்புகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் அதைப் பெற்று, கொதிப்படையாமல் அமைதியாகின்றன. இந்தக் குமிழ்களைக் கொடுத்த எலிகளுக்குக் குடல் அழற்சி குறைந்தது என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. பாக்டீராய்டஸ் இனங்கள் நார்ச்சத்தை உடைக்கும் என்சைம்களையும் குமிழில் வெளியே அனுப்பும். அந்த என்சைம் இல்லாத அக்கம்பக்கத்தாருக்கும் அதில் பங்கு கிடைத்துவிடும்.

குமிழே தடுப்பூசியாக

குமிழின் தோல் அச்சு அசலாகக் கிருமியின் தோல். ஆனால் அது பெருகாது. தடுப்பூசி செய்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூளைச்சவ்வுக் காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸில் பல பிரிவுகள். மற்றவற்றுக்கு அவற்றின் சர்க்கரை உறையை வைத்துத் தடுப்பூசி செய்துவிட்டார்கள். பி பிரிவு மட்டும் கையைக் கடித்தது. அதன் உறை, நம் நரம்புச் செல்களின் மேல் இருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலியைப் போலவே இருக்கிறது. நம் உடல் அதை அந்நியனாகப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் ஆபத்து, நம் செல்களையே தாக்கிவிடலாம். அதனால் உறையை விட்டுவிட்டு வெளிச்சவ்வுக் குமிழ்களைப் பிடித்தார்கள். எண்டோடாக்சினைப் பெருமளவு கழுவி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஊசியாக்கினார்கள். கியூபா 1980-களின் பிற்பகுதியிலேயே இதைச் செய்தது. நியூசிலாந்தில் 1991-ல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீடித்த தொற்றுக்கு, அங்கே பரவிய அதே ரகக் கிருமியின் குமிழ்களை எடுத்து 2004-லிருந்து பெரிய அளவில் போட்டார்கள். குறை என்னவென்றால், எந்த ரகத்தின் குமிழோ அந்த ரகத்துக்கு எதிராகத்தான் நன்றாக வேலை செய்யும். பிற்பாடு, நியூசிலாந்துக் குமிழோடு ஆய்வகத்தில் செய்த மூன்று புரதங்களையும் சேர்த்து பெக்ஸ்செரோ என்ற தடுப்பூசி வந்தது. 2013-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

இதில் யாரும் எதிர்பாராத ஒரு கிளைக்கதை உண்டு. கொனோரியா என்ற பால்வினை நோயைத் தரும் கிருமி மெனிங்கோகாக்கஸுக்கு நெருங்கிய சொந்தம். நியூசிலாந்தின் பழைய தரவுகளைப் புரட்டியவர்கள், அந்தக் குமிழ் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்களிடம் கொனோரியா சுமார் 31 சதவீதம் குறைவு என்று 2017-ல் வெளியிட்டார்கள். சொந்தக்காரனின் தோலைக் காட்டியதில் இவனையும் உடல் அடையாளம் தெரிந்துகொண்டது போலும். பிறகு சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகளில் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. ஆனாலும் இங்கிலாந்து, தொற்று அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு 2025-லிருந்து பெக்ஸ்செரோவைப் போடத் தொடங்கியிருக்கிறது.

கடலில்

நோயையும் மருந்தையும் விட்டு வெளியே வந்தால் குமிழ்களின் பெரிய வீடு கடல்தான். புரோகுளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியா வெயிலில் உணவு தயாரிக்கிறது. பூமியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் இதை மிஞ்ச ஆளில்லை. எம்.ஐ.டி.யில் சாலி சிஸ்ஹோமின் குழுவைச் சேர்ந்த ஸ்டீவன் பில்லரும் மற்றவர்களும், இதுவும் ஓயாமல் குமிழ் விடுகிறது என்று 2014-ல் வெளியிட்டார்கள். கடலிலிருந்து நேரே அள்ளிய நீரிலும் தேடினார்கள். ஒரு மில்லிலிட்டரில் லட்சக்கணக்கில் குமிழ்கள்.

இதனால் பழைய கணக்கு ஒன்றும் ஆட்டம் கண்டது. கடல் நீரில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்று எண்ண, டி.என்.ஏ.வில் ஒட்டும் சாயத்தைப் போட்டு மின்னும் புள்ளிகளை எண்ணுவது வழக்கம். டி.என்.ஏ. சுமந்த குமிழும் அதே அளவு, அதே மின்னல். எண்ணிய புள்ளிகளில் சில, வைரஸே இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் புரோகுளோரோகாக்கஸ் வாழ்வது சத்து வற்றிய நடுக்கடலில். பாஸ்பரஸுக்கும் நைட்ரஜனுக்கும் அல்லாடும் ஓர் உயிர், சேர்த்துவைத்ததை இப்படிப் பையில் கட்டி வெளியே விடுவானேன்? அந்தக் குமிழ்களை மட்டும் தின்று வேறு சில கடல் பாக்டீரியாக்கள் வளர்வதைப் பார்த்தார்கள். அவற்றில் சில புரோகுளோரோகாக்கஸுக்கு உதவும் கூட்டாளிகளாக இருக்கக்கூடும், இது அவற்றுக்குப் போடும் தீனியாக இருக்கலாம் என்றார்கள். இன்னொரு பதில் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலேயே இருந்தது. புரோகுளோரோகாக்கஸைத் தாக்கும் ஃபேஜ் ஒன்று, செல்லில் ஒட்டுவது போலவே ஒரு குமிழில் ஒட்டியிருந்தது. அதன் வால் சுருங்கியிருந்தது. வால் சுருங்கினால் ஃபேஜ் தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்திவிட்டது என்று அர்த்தம். ஒரு ஃபேஜ் அதை ஒரே ஒரு முறைதான் செய்ய முடியும்.